கேரி பேட்டனின் 20-ஐ எங்கே மாட்டுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில், அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துத் தொடரில் வீரர்களின் ஜெர்சி எண்ணுக்கு ஓய்வு கொடுப்பது, அதாவது பெரிய வீரர் ஒருவரின் எண்ணை அரங்கின் மேலே தொங்கவிட்டு, அந்த அணியில் வேறு யாரும் அதை அணியாமல் செய்வது பற்றிய கட்டுரையைப் படித்தேன். அந்த அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தவருக்கு மட்டும்தான் இந்த மரியாதை என்று கட்டுரையாளர் அடித்துச் சொல்கிறார். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

அவர் சொல்கிறபடி பார்த்தால் யூட்டா ஜாஸ் அரங்கில் தொங்கும் ஜான் ஸ்டாக்டனின் 12-ஐயும் கார்ல் மலோனின் 32-ஐயும் இறக்கிவிட வேண்டியதுதான். ஸ்டாக்டன் 19 சீசன் ஒரே அணிக்கு ஆடியவர். அவருடைய 15,806 அசிஸ்ட் (சக வீரர் கூடை போடும்படி பந்தைக் கொடுப்பது) இன்னும் முறியடிக்கப்படவில்லை. அவருக்குக் கிடைக்காதது கோப்பை ஒன்றுதான். இண்டியானாவின் ரெஜி மில்லர், நியூயார்க்கின் பேட்ரிக் யூயிங் இருவரும்கூடக் கோப்பையைத் தொடாதவர்கள்தான். இவர்களுடைய எண்ணை வேறு ஒருவன் போட்டுக்கொண்டு வந்து நின்றால் அந்த ஊர்க்காரர்கள் பொறுப்பார்களா? பொறுக்க மாட்டார்கள் என்றால் அந்த எண் மேலே போக வேண்டும். நான் பார்க்கிற கணக்கு இவ்வளவுதான்.

கோப்பைக் கணக்கு எவ்வளவு கோணலானது என்பதற்கு கேரி பேட்டன் ஒருவரே போதும். 1990-ல் சியாட்டில் சூப்பர்சானிக்ஸுக்கு வந்தவர், 2003 பிப்ரவரி வரை அங்கேதான் ஆடினார். புள்ளி, அசிஸ்ட், ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது) மூன்றிலும் அந்த அணியின் சியாட்டில் கால வரலாற்றில் முதலிடம் அவருக்குத்தான். எதிராளியைக் கையுறை மாதிரி ஒட்டிக்கொள்வதால் 'தி க்ளவ்' என்றே அவருக்குப் பெயர். நான்கு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை என்ற 1996 இறுதிச்சுற்றில், அந்த சீசனில் 72 வெற்றிகளோடு வந்த சிகாகோ புல்ஸ் முதல் மூன்று ஆட்டங்களையும் வாரிக்கொண்டு போனது. அதற்கப்புறம்தான் பயிற்சியாளர் ஜார்ஜ் கார்ல், கெண்டைக்கால் காயத்தோடு ஆடிக்கொண்டிருந்த பேட்டனை, சிகாகோவின் நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டானைத் தடுக்க ஏவினார். அடுத்த இரண்டு ஆட்டமும் சியாட்டிலுக்கு! ஆறாவது ஆட்டத்தில் சிகாகோ ஜெயித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அன்று ஜோர்டான் எறிந்த 19-ல் உள்ளே போனது ஐந்துதான். அந்த நாட்களில் ஜோர்டானை அப்படித் திணறவிட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பேட்டனுக்குக் கோப்பை கிடைத்தது 2006-ல், கடைசிக் காலத்தில், மயாமி ஹீட்டில் மாற்று ஆட்டக்காரராக இருந்தபோது. கட்டுரையாளர் விதிப்படி அவருடைய எண்ணை மயாமியில் மாட்ட வேண்டும், சியாட்டிலில் மாட்டக் கூடாது. அவரே இதற்கு ஒத்துக்கொள்வாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

சரி, சியாட்டிலில் மாட்டலாம் என்றால் அங்கே அணியே இல்லை. 2008-ல் உரிமையாளர்கள் அணியை ஓக்லஹோமா சிட்டிக்குக் கொண்டுபோய் 'தண்டர்' என்று பெயர் மாற்றிவிட்டார்கள். சூப்பர்சானிக்ஸ் என்ற பெயரும் பச்சை, மஞ்சள் நிறமும் மட்டும் ஒப்பந்தப்படி சியாட்டிலுக்கு மிஞ்சின. ஓக்லஹோமாவில் தன் எண்ணை ஏற்ற பேட்டன் சம்மதிக்கவில்லை. ஏற்றினால் சியாட்டிலில்தான் என்பதில் உறுதியாக இருக்கிறார். தண்டரும் 20-ஐ யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறது. அந்த நாகரிகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். சியாட்டிலுக்கு மறுபடி அணி வரும் என்ற பேச்சு பல வருடமாக ஓடுகிறது. வந்தால் முதல் ஆட்டத்தன்றே 20-ஐ ஏற்ற வேண்டும், அங்கே பேட்டனோடு ஆடிய ஷான் கெம்ப்பின் 40-ஐயும் சேர்த்து.

டென்வர் நகெட்ஸ் அணியின் விவகாரம் இன்னும் சிக்கல். அங்கே 15-ஐ அணிந்து ஏழரை சீசன் ஆடியவர் கார்மெலோ ஆந்தனி. 2011-ல் தானே கேட்டு நியூயார்க் போனார். அந்தக் கோபமோ என்னவோ, 2015-ல் வந்த நிகோலா யோகிச்சிடம் அதே எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். யோகிச்சோ மூன்று எம்விபி (சீசனின் சிறந்த வீரர்) விருது, 2023-ல் நகெட்ஸின் முதல் கோப்பை என்று எங்கேயோ போய்விட்டார். இனி அந்த 15 அவருடையதுதான், அதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் அதற்காக கார்மெலோவை அழித்துவிட வேண்டுமா? நியூயார்க் நிக்ஸ் அரங்கில் இதே 15, டிக் மெக்வயர், எர்ல் மன்றோ என்று இருவர் பெயரிலும் தொங்குகிறது. டென்வரும் ஒரு நாள் அப்படிச் செய்யலாம்.

கண்டபடி ஏற்றிக்கொண்டே போனால் எண்கள் தீர்ந்துவிடும் என்று கட்டுரையாளர் கவலைப்படுவதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பாஸ்டன் செல்டிக்ஸ் இருபதுக்கும் மேற்பட்ட எண்களை ஓய்வில் வைத்திருக்கிறது. ஆனால் அதற்கு வழி காட்டியதும் அதே பாஸ்டன்தான். ஜிம் லாஸ்கட்டாஃப் என்ற பழைய வீரர் தன் 18-ஐ அடுத்தவர்கள் அணியட்டும் என்று விட்டுக்கொடுத்தார். அவருக்காக 'லாஸ்கி' என்ற செல்லப்பெயரை மட்டும் மேலே ஏற்றினார்கள். பிறகு அதே 18-ல் டேவ் கவன்ஸ் வந்து கலக்கினார், கடைசியில் அவர் பேரில் அதுவும் மேலே போனது! இன்னொரு பக்கம் மயாமி ஹீட், தன் அணிக்கு ஒரு நாள்கூட ஆடாத ஜோர்டானின் 23-ஐ 2003-ல் ஓய்வுபெறச் செய்தது. மரியாதை சரி, ஆனால் அந்த ஊருக்கும் அந்த எண்ணுக்கும் என்ன உறவு?

கடைசியாக ஒரு திருத்தம். பாஸ்டனின் பழம்பெரும் வீரர் பில் ரஸ்ஸல் மறைந்த பிறகு 2022-ல் அவருடைய 6-க்கு என்பிஏ முழுவதும் ஓய்வு கொடுக்கப்பட்டது சரி. அன்று முதல் அதை யாருமே அணியவில்லை என்று கட்டுரையில் இருப்பது தவறு. ஏற்கெனவே அணிந்துகொண்டிருந்தவர்கள் தொடரலாம் என்று விலக்கு தந்தார்கள். 2023 பிப்ரவரியில் கரீம் அப்துல் ஜப்பாரின் புள்ளிச் சாதனையை லெப்ரான் ஜேம்ஸ் முறியடித்தபோது அவர் முதுகில் இருந்தது 6-தான். அடுத்த சீசனில்தான் 23-க்குத் திரும்பினார்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
நெய்வேலி.