பிரஷரை நிற்க வைத்தும் பாருங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டது. மாத்திரை தவறாமல் கிடைக்கும் வீட்டில், அது பெரியவரைக் கீழே தள்ளுகிறதா என்றும் தவறாமல் பார்க்க வேண்டும்.

உட்கார்ந்திருக்கையில் பிரஷரின் மேல் அளவு 130 இருப்பவருக்கு, எழுந்து நின்றதும் 100க்கு இறங்கிவிடலாம். விடியற்காலையில் கழிப்பறைக்குப் போக எழும்போது கண் இருட்டும். சுவரைப் பிடிப்பதற்குள் விழுந்துவிடுவார். ராத்திரி எழுந்திருக்க வேண்டாமே என்று சாயங்காலமே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் வேறு இதை மோசமாக்கும். இடுப்பெலும்பு முறிந்து படுத்தால் படுக்கைப்புண், நிமோனியா என்று தொடரும்.

60 வயது தாண்டி பிரஷர் மாத்திரை எடுக்கும் எல்லோருக்கும் இதைக் கட்டாயமாக்குங்கள்: 5 நிமிடம் படுக்க வைத்து ஓர் அளவு, எழுந்து நின்ற 1ஆம் நிமிடத்திலும் 3ஆம் நிமிடத்திலும் ஒவ்வோர் அளவு. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலே மருத்துவ அலுவலர் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்கட்டும்.

நிற்கும்போது கையைத் தொங்கவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும், இறக்கம் தெரியாமலே போய்விடும். நெஞ்சு மட்டத்துக்குக் கையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். மிஷினோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது. மெலிந்த பாட்டியின் கையில் அது தொளதொளத்து உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் பையில் ஒரு டெய்லர் டேப்பும் சிறிய பட்டையும் இருந்தால் போதும், பெரிய செலவில்லை.

இறக்கம் தெரிந்தால் வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அத்தனையையும் வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தனியார் கிளினிக்கில் புராஸ்டேட்டுக்குக் கொடுத்த டாம்சுலோசின் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவில் இருக்காது. அதுவும் பிரஷரை இறக்கும். நீர் மாத்திரையும் அப்படித்தான். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரை சாப்பிடுபவரிடம் விரத நாளையும் கேட்க வேண்டும். புரட்டாசி சனிக்கிழமை வெறும் வயிற்றில் இவற்றைப் போட்டால் வரும் தலைசுற்றல் பிரஷரால் அல்ல, லோ சுகரால் இருக்கலாம். சுகர் 70க்குக் கீழே இருந்தால் உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

எந்த மாத்திரையையும் தன்னார்வலரோ வீட்டாரோ தாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் விழுந்தவர், மயங்கியவர் பெயர் அன்றே மருத்துவ அலுவலருக்குப் போய்ச் சேர வேண்டும். அடுத்த மாத மருந்து விநியோகம் வரை அது காத்திருக்கக் கூடாது.

இப்படிக்கு,
முதியோர் மருத்துவப் பணியில் உள்ள மருத்துவர்கள், செவிலியர்கள்