டைனமோவைக் கழற்றுமுன் எர்த்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பழைய கார்களைப் பற்றி வந்த கட்டுரை, 'டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரை மாட்டினால் பேட்டரித் தொல்லை தீர்ந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. இரண்டுமே எஞ்சின் ஓடும்போது மின்சாரம் எடுத்து பேட்டரியை சார்ஜ் செய்பவை; டைனமோ பழைய வகை, ஆல்டர்னேட்டர் புது வகை. மாட்டலாம், நானே பலருக்கு மாட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு வரியை நம்பி யாராவது தன் 1956 மாரிஸ் மைனரில் கை வைத்தால் புகைதான் வரும்.

காரணம் எர்த், அதாவது பேட்டரியின் எந்த முனை வண்டியின் பாடியோடு இணைந்திருக்கிறது என்பது. அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகள் பெரும்பாலும் பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இப்போது கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஆல்டர்னேட்டரோ நெகட்டிவ் எர்த். எர்த்தை மாற்றாமல் இணைத்தால், கரண்ட்டை ஒரே பக்கம் விடுவதற்காக ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் வழியாக பேட்டரி நேராக ஷார்ட் ஆகும். டயோடு போகும், கூடவே ஒயரும் போகும்.

சரி, பேட்டரியைத் திருப்பி வைத்தால் போதுமா? தகராறு அங்கேயே ஆரம்பம். பேட்டரியில் பிளஸ் முனை கொஞ்சம் தடிமன், மைனஸ் மெலிவு. திருப்பியதும் ஒயரை முனையில் பிடிக்கும் கிளாம்ப்களில் ஒன்று லொடலொடக்கும், இன்னொன்று இறங்கவே இறங்காது. ஈயத் தகட்டைச் சுற்றி, சுத்தியலால் தட்டி ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. புதிதாக இரண்டு கிளாம்ப் வாங்கிப் போடுவதுதான் முறை. அப்புறம் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் இரண்டு சின்ன ஒயர்களை இடம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பார்க் பலவீனப்படும். எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைத் தொட வேண்டாம், அது பழையபடி அதே பக்கம்தான் சுற்றும்.

லூகாஸ் கம்பெனியின் சி40/1 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். ஆல்டர்னேட்டர் ஏறக்குறைய இரு மடங்கு தரும். பேட்டரி இறங்கியிருக்கும் நாளில் அவ்வளவு கரண்ட்டும் அறுபது வருடத்துப் பழைய ஒயரில் ஓடினால் கையை வைக்க முடியாது. தனியாகத் தடித்த ஒயர் ஒன்றை இழுத்தே ஆக வேண்டும். டேஷ்போர்டில் எரியும் சிவப்பு சார்ஜ் பல்பையும் அலட்சியப்படுத்தாதீர்கள். ஆல்டர்னேட்டர் விழிப்பதற்கான முதல் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. அழகுக்காக எல்இடி மாட்டினால் பெரும்பாலும் சார்ஜே ஏறாது.

மழை நாள் சாயங்காலம் அவிநாசி சாலை சிக்னலில் ஹெட்லைட்டும் வைப்பருமாக நிற்கிற வண்டிக்கு இந்த மாற்றம் நல்லதுதான். ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது, டைனமோ ஏறக்குறைய ஒன்றும் தராது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வெளியே வருகிற வண்டிக்கு எதற்கு? டைனமோவுக்குள் கார்பன் பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைச் சுத்தம் செய்து, புது பிரஷ் போட்டாலே டைனமோ ஒழுங்காக ஓடும்.

மாற்றியே தீருவேன் என்பவர்கள் கழற்றிய டைனமோவையும் அதன் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டியையும் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் வண்டியோடு வைத்திருக்கட்டும். நாளை வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
கோவை