லிக்விட் ரூம் பதிவைப் பற்றி, தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

நீ பல பாட்டுகளை இடைவெளியில்லாமல் இணைத்து அனுப்பிய மிக்ஸை முழுசாகக் கேட்டேன். கூடவே எழுதியிருந்த கேள்வியையும் படித்தேன். டெக்னோ என்ற இயந்திரத் தாள நடன இசையை வாசிக்கும் டெட்ராய்ட் டிஜே ஜெஃப் மில்ஸின் லிக்விட் ரூம் பதிவை எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், எனக்கு அது ஒரே இரைச்சலாக இருக்கிறது, சில இடங்களில் பீட்டே விலகுகிறது, இதை ஏன் சரிசெய்யாமல் வெளியிட்டார்கள் என்று கேட்டிருந்தாய். உன் மிக்ஸை லேப்டாப்பில் போட்டு ஒவ்வொரு இணைப்பையும் நேராக்கிவிட்டுத்தான் வெளியிடப்போவதாகவும் எழுதியிருந்தாய். எனக்கு இரண்டும் ஒரே விஷயம்தான். அதனால் பதிலையும் சேர்த்தே எழுதுகிறேன். உன்னைப் போல் புதிதாகக் கன்ட்ரோலர் (லேப்டாப்போடு சேர்த்து வாசிக்கும் டிஜே கருவி) வாங்கிய இன்னும் சிலரும் இதைக் கேட்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

டோக்கியோவின் ஷின்ஜுக்கு பகுதியில் கபுகிச்சோ என்றொரு பேட்டை, ராத்திரி முழுக்கத் தூங்காத இடம். அங்கே ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் இருந்த கிளப்தான் லிக்விட் ரூம். 1995 அக்டோபர் இறுதியில் ஒரு இரவு அங்கே மில்ஸ் வாசித்ததைத்தான் சோனியின் ஜப்பான் கிளை 1996-இல் ‘மிக்ஸ்-அப்’ வரிசையின் இரண்டாவது சிடியாகக் கொண்டுவந்தது. அந்த வரிசையின் முதல் சிடி ஜப்பானிய டிஜே டக்யூ இஷினோ செய்தது. ஐந்தாவதை டெட்ராய்ட் டிஜே டெரிக் மே செய்தார். ஆனால் ‘மிக்ஸ்-அப்’ என்றாலே இன்றைக்கும் ஆட்கள் பேசுவது அந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

அதில் 68 நிமிடம். அந்த 68 நிமிடத்துக்குள் 38 தடங்கள், அதாவது டிராக்குகள். உன் கேள்விக்கான பதிலில் பாதி இந்த இரண்டு எண்ணிலேயே இருக்கிறது.

வகுத்துப் பார். ஒரு தடத்துக்குச் சராசரியாக 107 விநாடி. இரண்டு நிமிடம்கூட இல்லை. அந்த நேரத்துக்குள் அடுத்த இசைத்தட்டைப் பெட்டியிலிருந்து தேடி எடுக்க வேண்டும், உறையிலிருந்து உருவ வேண்டும், டர்ன்டேபிளில் போட்டு ஊசியைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும், ஹெட்போனில் ஒரு காதால் கேட்டு வேகத்தை ஒப்பிட வேண்டும், அப்புறம் ஒலியைக் கூட்டும் ஃபேடரைத் தூக்க வேண்டும். இத்தனையும் நடக்கும்போது வேறு தட்டுகள் அரங்கத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவையும் சொன்னபடி கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை, அவற்றையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். மில்ஸிடம் இருந்தது மூன்று டர்ன்டேபிள். மூன்றை வைத்து வாசித்த முதல் ஆள் அவர் இல்லை, இங்கிலாந்து டிஜே கார்ல் காக்ஸ் எண்பதுகளின் கடைசியிலேயே அப்படிச் செய்து பேர் வாங்கிவிட்டார். ஆனால் இந்த வேகத்தில், இவ்வளவு தட்டுகளை, இவ்வளவு பதற்றத்தோடு அடுக்கி அதைச் சிடியாகவும் வெளியிட்டது வேறு யாரும் இல்லை என்றே நினைக்கிறேன்.

இரண்டு தடங்களின் வேகத்தைத் தானே ஒன்றாக்கும் சிங்க் பட்டன் உள்ள கருவியில் நீ பழகுகிறாய். அதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பட்டன் இல்லாமல் என்ன நடக்கும் என்பதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடு. நிமிடத்துக்கு 140 பீட் என்று வைத்துக்கொள். இரண்டு தட்டுக்கும் இடையே வேகத்தில் வெறும் ஒரு சதவீதம்தான் வித்தியாசம் என்றும் வைத்துக்கொள். பத்தாவது பீட்டில் இரண்டு தட்டின் கிக் டிரம்மும் (பீட்டை அடிக்கும் கனத்த முரசு) ஒரு பீட்டில் பத்தில் ஒரு பங்கு விலகிவிடும். அதாவது நாலரை விநாடி ஆவதற்குள் அடி ஒற்றையாகக் கேட்காது, குதிரைக் குளம்பு மாதிரி இரட்டையாகக் கேட்கும். அதைக் காதில் வாங்கிய உடனே தட்டின் ஓரத்தில் விரல் வைத்து இழுக்க வேண்டும், இல்லையென்றால் தள்ளிவிட வேண்டும். லிக்விட் ரூம் பதிவில் நீ கேட்ட விலகல்கள் எல்லாம் இவைதான். அவை விலகுவதை மட்டும் கேட்டுவிட்டு நீ நிறுத்திவிட்டாய். அடுத்த ஓரிரு விநாடிக்குள் அவை திரும்பி வந்து சேருவதையும் கேள். காலப்பிரமாணம் ஒரு மனிதனின் விரலில் பிடிபடும் சத்தம் அது. சிடி வடிவில் வந்த மிக்ஸ்களில் அதை இவ்வளவு கிட்டத்தில் கேட்கக் கிடைப்பது அபூர்வம்.

அந்தக் காலத்து மற்ற மிக்ஸ்களை எடுத்துக்கொள். 1994-இல் இங்கிலாந்து டிஜேக்கள் சாஷாவும் ஜான் டிக்வீடும் மூன்று சிடியாகக் கொண்டுவந்த ‘ரெனெய்சான்ஸ்’ தொகுப்பு எனக்கு உயிர். ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று வந்ததே தெரியாமல் நிமிடக்கணக்கில் நீளும் இணைப்புகள். 1996-இல் அவர்களே செய்த ‘நார்தர்ன் எக்ஸ்போஷர்’ இன்னும் அழகு. மிக்ஸ் தொகுப்பு என்றாலே இப்படித்தான் மெருகேற்றி, வீட்டில் உட்கார்ந்து கேட்கும்படி இருக்க வேண்டும் என்று ஒரு பழக்கம் அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் கூட்டத்தின் கூச்சலோடு, தட்டைப் பின்னால் சுழற்றும் சத்தத்தோடு, இணைப்புகள் அப்பட்டமாகத் தெரியும்படி ஒரு சிடி வந்தது. அரங்கத்தில் கேட்டதை வீட்டுக்கென்று மாற்றியது மாதிரியே கேட்கவில்லை. அந்தத் துணிச்சல்தான் எனக்கு முதலில் பிடித்தது.

சரி, இந்த அவசரம் மில்ஸுக்கு எங்கிருந்து வந்தது? வானொலியிலிருந்து. எண்பதுகளில் டெட்ராய்ட் வானொலியில் ‘தி விஸார்ட்’ என்ற பெயரில் வாசித்தார். ஹிப்ஹாப், எலக்ட்ரோ, ஹவுஸ் என்று எதையும் விடாமல், ஒரு பாட்டின் நல்ல பகுதியை மட்டும் போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார். கேட்பவன் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடக்கூடாது, அவ்வளவுதான் விதி. டெக்னோவுக்கு அவர் கொண்டுவந்தது அந்த ஹிப்ஹாப் கையைத்தான். அப்புறம் மைக் பேங்க்ஸோடு சேர்ந்து ‘அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்’ என்ற டெக்னோ குழு. அதிலிருந்து விலகி 1992-இல் சொந்தமாக ‘ஆக்ஸிஸ்’ என்ற இசைத்தட்டு நிறுவனம். அதே வருடம் பெர்லினின் ட்ரெசோர் நிறுவனம் வெளியிட்ட ‘வேவ்ஃபார்ம் டிரான்ஸ்மிஷன்’ முதல் தொகுதியையும் கேட்டுப்பார், லிக்விட் ரூமின் மூர்க்கம் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

இங்கேதான் நிறையப் பேர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அந்த 38 தடங்களில் நிறைய அவருடையவையே. ‘தி பெல்ஸ்’ உட்பட. மற்றவர் தடம் ஒவ்வொன்றுக்கும் உரிமை வாங்க வேண்டும் என்பதால் சாதாரணமாக ஒரு மிக்ஸ் சிடியில் இவ்வளவு தடங்கள் இருக்காது. மில்ஸுக்கு அந்தச் சிக்கல் குறைவு. அதைவிட முக்கியம், அவர் தன் தடங்களைத் தனியாகக் கேட்க வேண்டிய பாட்டுகளாகச் செய்யவில்லை. மேலே இன்னொன்று வந்து உட்காரும் என்று தெரிந்தே, இடம் விட்டுச் செய்தார்.

1994-இல் அவர் வெளியிட்ட ‘சைக்கிள் 30’ இசைத்தட்டைப் பார். அதன் ஒரு பக்கத்தில் முடிவே இல்லாத வளையங்கள் இருக்கின்றன. சாதாரண இசைத்தட்டில் ஒரே கோடு சுருளாக ஓரத்திலிருந்து நடுவுக்குப் போகும். இந்த வளையத்தில் கோடு தன் வாலைத் தானே கடித்துக்கொள்கிறது. ஊசி அங்கேயே சுற்றும், நீ எடுக்கும்வரை. தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால்... இல்லை, துல்லியமாகச் சொன்னால் 33⅓ சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. அந்த ஒரு சுற்றுக்குள் நான்கு பீட் அடங்க வேண்டும் என்றால் வேகம் நிமிடத்துக்கு 133 சொச்சம்தான். இசையின் வேகத்தை இங்கே முடிவு செய்வது இயந்திரத்தின் சுற்று. டெட்ராய்டில் இசைத்தட்டு வெட்டிய ரான் மர்ஃபி என்ற கைதேர்ந்த ஆளோடு சேர்ந்துதான் மில்ஸ் இந்த மாதிரி வேலைகளைச் செய்தார். இப்படி யோசித்து யோசித்துத் தன் கருவியைத் தானே வார்த்தெடுத்த ஒருவர் டோக்கியோவில் மூன்று தட்டை ஒரே நேரத்தில் ஓடவிட்டது கண்மூடித்தனமான வேகம் இல்லை, தம்பி. தன் சரக்கை அவருக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும்.

டோக்கியோ என்றதும் எனக்கு எப்போதும் ஒன்று தோன்றும். அந்த இசையைச் சாத்தியமாக்கிய முக்கியமான கருவிகள் ஜப்பானில் பிறந்தவை. டிஜேக்களின் கையில் நிலைத்துப்போன டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மார்க் 2 டர்ன்டேபிளை மட்சுஷிட்டா நிறுவனம் 1979-இல் கொண்டுவந்தது. வேகத்தை எட்டு சதவீதம் கூட்டவும் குறைக்கவும் அதில் ஒரு நீளமான ஸ்லைடர். டெக்னோவின் கிக் டிரம்முக்குப் பெயர்போன ரோலண்ட் டிஆர்-909 என்ற டிரம் இயந்திரம் வந்தது 1983-இல். அன்றைக்கு அது விலைபோகவில்லை, ஓரிரு வருடத்தில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்ததால்தான் டெட்ராய்ட், சிகாகோ பையன்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் அதில் என்ன செய்தார்கள் என்பதை அந்த ஏழாவது மாடியில் ஜப்பானியர்கள் கேட்டார்கள். பதிவில் அவர்கள் போடும் கூச்சலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வந்துவிடும்.

இன்னொன்று சொல்லாமல் விடக்கூடாது. பழைய தடமான ‘ஸ்டிரிங்ஸ் ஆஃப் லைஃப்’ வரும் இடம். டெரிக் மே 1987-இல் வெளியிட்டது, டெட்ராய்டின் முதல் தலைமுறையின் அடையாளம் மாதிரியான தடம். அதுவரை இரும்பும் தோலுமாக அடித்துக்கொண்டிருந்த மிக்ஸில் அந்தப் பியானோ நுழையும்போது மொத்த அறையும் வெளிச்சமாகிவிடுகிறது. வேறு டிஜேவாக இருந்தால் அதை ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கூட்டத்தின் கைதட்டலை வாங்கிக்கொண்டிருப்பார். மில்ஸ் அதையும் மற்றத் தடங்களைப் போலவேதான் நடத்துகிறார், வேலை முடிந்ததும் நகர்ந்துவிடுகிறார். நியூயார்க்கின் ஜோயி பெல்ட்ரம், பர்மிங்ஹாமின் சர்ஜன், ஜப்பானின் கென் இஷி என்று அன்றைய டெக்னோக்காரர்களும், இந்தப் பழைய டெட்ராய்ட் தடமும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

இதன் செல்வாக்கு என்றால், கனடாவில் வளர்ந்த டெக்னோ டிஜே ரிச்சி ஹாட்டினிடமிருந்து தொடங்கலாம். 1999-இல் அவர் செய்த ‘டெக்ஸ், இஎஃப்எக்ஸ் & 909’ சிடியில் முப்பதுக்கும் மேற்பட்ட தடங்கள், கூடவே 909. 2001-இல் ‘க்ளோசர் டு தி எடிட்’ சிடிக்காகத் தடங்களைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டிக் கணினியில் புதிதாகக் கோத்தார். ஒரு தடம் முழுப்பாட்டாக ஒலிக்க வேண்டியதில்லை என்று மில்ஸ் வினைலில் காட்டியதை இவர் கணினியில் கொண்டுபோய் முடித்தார். அது அபாரமான வேலை, ஆனால் எனக்குக் கொஞ்சம் குளிர்ச்சி அதிகம். பிசிறே இல்லை. நீ உன் மிக்ஸைக் கொண்டுபோக நினைக்கும் திசை அதுதான், ஆனால் ஹாட்டின் அங்கே போனது பிசிறை நீக்குவதற்காக இல்லை, கையால் முடியாத ஒன்றைச் செய்வதற்காக. நீ கையால் முடிந்ததை அழிக்கப் பார்க்கிறாய்.

உன் மிக்ஸில் முப்பதாவது நிமிடம் தாண்டி ஓரிடம் வருகிறது. நீ தாளத்தை மட்டும் உள்ளே விட்டு, பேஸைக் குறைத்து, சட்டென்று மாற்றிவிட்டாய். இணைப்பு அரை விநாடி தடுமாறியது. ஆனால் நீ அந்தத் தடத்தை அங்கே போட முடிவெடுத்த கணம் எனக்கு அதில் கேட்டது. அதை நேராக்கினால் தடுமாற்றத்தோடு சேர்த்து அந்த முடிவும் கேட்காமல் போய்விடும். ஒலி அளவு ஏறி இறங்குவதை மட்டும் சமப்படுத்து, மற்றதை அப்படியே விடு என்பது என் யோசனை. வெளியிடுவது உன் இஷ்டம்.

மில்ஸ் 2004-இல் ‘எக்ஸிபிஷனிஸ்ட்’ என்றொரு டிவிடி வெளியிட்டார். கேமரா முழுக்க அவர் கைமேலேயே இருக்கும். லிக்விட் ரூமை மறுபடி கேட்பதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடு. ஓடும் தட்டுமேல் அவர் விரல் எவ்வளவு நேரம் படுகிறது, ஃபேடரை எவ்வளவு வேகமாகத் தூக்குகிறார் என்று கவனி. பார்த்துவிட்டு எழுது. இரண்டாவது கையாகக் கிடைக்கும் டர்ன்டேபிளை வாங்கலாமா என்று கேட்டிருந்தாயே, வாங்கு, ஆனால் ஸ்லைடர் நடுவில் வரும்போது சிக்குகிறதா என்று ஓடவிட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடு.

அன்புடன்,
அண்ணன்