கடைக்குட்டி கண்ணனுக்கு ஒரு நியாயம்

ஆசிரியருக்கு,

விஜய் டிவியில் 2018 முதல் 2023 வரை ஓடிய ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடர் என்றால் எல்லோரும் மூத்த அண்ணன் மூர்த்தியையும் அண்ணி தனத்தையும்தான் புகழ்கிறார்கள். எனக்கு மனதில் நிற்பவன் கடைக்குட்டி கண்ணன். வீட்டுக்குத் தெரியாமல் ஐஸ்வர்யாவைக் கலியாணம் முடித்து, வீட்டைப் பிரிந்து, தாய் லட்சுமி இறந்தபோது கடைசியாக முகம் பார்க்கக்கூட நேரத்துக்கு வந்துசேர முடியாமல் கதறியவன். அந்தக் கிழமை வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீடுகளில் அதே பேச்சுத்தான்.

அப்புறம் அவனுக்குக் கடனட்டைச் சிக்கல். சரி, நல்ல கரு. சம்பளம் கைக்கு வருமுன்னே லீசிங் தவணைக்கு ஓடும் பெடியன்கள் கொழும்பில் எத்தனை பேர்! ஆனால் தொடரோ அவனை விளையாட்டுப் பிள்ளையாகவே காட்டியது. அவனுடைய பயத்துக்குள் போகவில்லை.

இந்தியத் தொடர்களுக்கு நேரத்தை அள்ளிக்கொடுக்கும் நமது தமிழ் அலைவரிசைகள், வேலை தேடும் ஓர் இளைஞனை நடுவில் வைத்து இங்கேயே ஒரு தொடர் எடுக்கலாமே? மாமியார் சண்டை இல்லாவிட்டாலும் நாங்கள் பார்ப்போம்.

வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06