முன் பிரேக்கை ஏன் தளர்த்தித் தர மாட்டோம்?

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குப் புது வண்டி வாங்கிக் கொடுத்த பெற்றோர், கல்லூரி திறக்கும் சமயத்தில் எங்கள் பட்டறைக்கு வந்து ஒரே வேண்டுகோளை வைக்கிறார்கள். "முன் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். பயல் பதற்றத்தில் அமுக்கிக் குப்புற விழுந்துவிடுவான்." இந்த வேலையை நாங்கள் செய்வதில்லை. அவசரத்தில் நின்றபடி மறுத்தால் மனத்தாங்கல் வருகிறது என்பதால் காரணத்தை எழுதிவிடுகிறோம்.

பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் பிரேக் போட்டால் நாம் முன்பக்கம் சாய்கிறோம் அல்லவா? இருசக்கர வண்டியிலும் அதேதான் நடக்கிறது. பாரம் பெரும்பாலும் முன்னால் சாய்வதால் முன்டயர் தரையை அழுத்திப் பிடிக்கிறது, பின்டயர் லேசாகிவிடுகிறது. லேசான அந்தச் சக்கரத்தை மட்டும் ஓங்கி மிதித்தால் அது சுழலாமல் இழுபடும், வண்டி வாலாட்டும். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்சக்கரத்தினுடையது. பிள்ளையைக் காக்கப்போகும் பிரேக்கையே நீங்கள் தளர்த்தச் சொல்கிறீர்கள்.

ஓட்டுபவர் எந்த பிரேக்கை நம்புகிறார் என்பது சக்கரத்தைக் கழற்றினாலே தெரிந்துவிடும். சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவரின் வண்டி சர்வீசுக்கு வந்தது. பின்சக்கர டிரம்மைத் திறந்தால் உள்ளே கறுப்புத் தூள் அப்பிக் கிடக்கிறது, டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் ஷூ தேய்ந்து தகடு எட்டிப் பார்க்கிறது. முன்சக்கர பிரேக் பேடிலோ, தேய்மானத்தைக் காட்டும் நடுப்பள்ளம் புதிதில் இருந்தபடியே ஆழமாக இருந்தது. பின்டயரில் ஓர் இடம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தது. தெப்பக்குளம் அருகே ஆட்டோ ஒன்று குறுக்கே திரும்பியபோது இழுபட்ட தடம் என்று அவரே சொன்னார். முன் பிரேக்கைத் தொடவே இல்லையாம். வீட்டில் தொடாதே என்று சொல்லியிருந்தார்கள்.

உங்கள் பயம் பொய்யில்லை. முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் பாரம் முன்னால் வந்து சேர்வதற்குள் சக்கரம் நின்றுவிடும், வண்டி சறுக்கும். எனவே எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் பிடிக்க வேண்டும். முதலில் மெல்ல. முன்சக்கரத்தைத் தாங்கும் முன்ஃபோர்க் அமுங்குவது கைக்குத் தெரியும். அதன்பிறகு அழுத்தத்தைக் கூட்டலாம். பின் பிரேக்கைக் கூடவே அளவாக மிதித்தால் போதும். கிளட்சை முதலிலேயே பிடித்துவிடுகிற பழக்கமும் வேண்டாம். இஞ்சினும் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும்.

2019 ஏப்ரலில் எல்லாப் புது வண்டிகளுக்கும் நடைமுறைக்கு வந்த விதிப்படி, 125 சிசி வரையிலானவற்றில் சிபிஎஸ் (இரு பிரேக்குகளையும் இணைக்கும் ஏற்பாடு) அல்லது ஏபிஎஸ் (சக்கரம் இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏற்பாடு), அதற்கு மேற்பட்டவற்றில் ஏபிஎஸ் கட்டாயமானது. சிபிஎஸ் உள்ள வண்டியில் பின் பிரேக்கைப் போட்டாலே முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். முன்பக்கத்தைத் தளர்த்தினால் இந்த ஏற்பாடும் கெட்டுப்போகும்.

எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியாயிற்றே என்பார்கள். எட்டு, மெதுவாகப் போகும்போது வண்டி கவிழாமல் ஓட்டுகிறோமா என்பதைத்தான் சோதிக்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே நொடியில் 11 மீட்டர் ஓடிவிடுகிறோம்; ஏறக்குறைய ஒரு டவுன் பஸ்ஸின் நீளம். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்குள் அவ்வளவு தூரம் போய்விடலாம். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்.

வளைவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடுமுறை வந்தால் இளைஞர்கள் சிறுமலைக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். டயருக்குத் தரையில் உள்ள பிடிப்பு ஒரு பானைச் சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், நிற்பதற்கும் அதிலிருந்துதான். வண்டி நன்றாகச் சாய்ந்திருக்கும்போது பானை பெரும்பாலும் காலி. அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தினால் டயர் வழுக்கும். ஆகவே வண்டி நேராக இருக்கும்போதே, வளைவுக்கு முன்பே, வேகத்தைக் குறைத்து கியரையும் மாற்றிவிட வேண்டும். பிறகு சீரான ஆக்சிலேட்டரில் திரும்ப வேண்டும். பார்வை வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். பள்ளத்தையே பார்த்தால் பள்ளத்துக்குள்தான் போவோம். வலப்பக்க வளைவில் நடுக்கோட்டை ஒட்டிப் போனால், சக்கரம் நம் பாதையில் இருந்தாலும் சாய்ந்த தலை நடுக்கோட்டைத் தாண்டி நிற்கும். எதிரே பஸ் வரும் மலைப்பாதையில் இது உயிர்ப் பிரச்சினை.

எங்களில் ஒருவர் இருபது வயதில் மேலூர்ப் பக்கம் விழுந்தார். அறுவடைக் காலம், சாலையில் வைக்கோல் பரப்பியிருந்தார்கள், வளைவுக்குள் போன பிறகுதான் பார்த்தார். முழங்கையில் தழும்பு இன்றும் இருக்கிறது. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் சாலையில் எண்ணெயும் தூசியும் குழைந்து கிடக்கும். அப்போதும், ஈரமான வெள்ளைக்கோடுகளின் மேலும் டயர் இப்படித்தான் வழுக்கும்; முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு முதல் நான்கு வாரங்கள், காலை 6.30 மணிக்குப் பட்டறைக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் பிரேக் பயிற்சி தருகிறோம். கட்டணம் இல்லை. 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, கை பழகிய பிறகு 40 வரை போவோம். லைசென்ஸ், ஹெல்மெட், ஷூ மூன்றும் கட்டாயம். செருப்புடன் வருபவரை அன்றைக்கு ஓட்டவிட மாட்டோம். டயர் காற்றையும் பிரேக்கையும் நாங்களே சரிபார்த்துவிடுவோம். பெண் பிள்ளைகளையும் ஸ்கூட்டருடன் அனுப்புங்கள். பெற்றோர் கூட வந்து நின்று பார்த்தால் எங்களுக்கு மகிழ்ச்சி.

அன்புடன்,
உங்கள் இருசக்கர வாகனப் பட்டறையினர்,
மதுரை