கூட்டமே கூடாத கல்விச்சபை

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் நகரத்துப் பொதுப் பாடசாலைகளை நடத்தும் ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபையை ஒன்ராறியோ மாகாண அரசு தன் கையில் எடுத்தது நல்லதுதான், எந்நேரமும் சண்டை பிடிக்கிற உறுப்பினர்களைவிட ஒரு மேற்பார்வையாளர் மேல் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். கோயிலிலும் கலியாண வீட்டிலும் இதே பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அதிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த இடத்தை ஏற்க முடியவில்லை.

2025 ஜூன் 27 அன்று கல்வி அமைச்சர் போல் கலண்ட்ரா, ரொறன்ரோ உட்பட நான்கு கல்விச்சபைகளை மேற்பார்வையின் கீழ் கொண்டுவந்தார். எங்களுடையது கனடாவிலேயே பெரிய கல்விச்சபை: ஏறத்தாழ 580 பாடசாலைகள், 230,000க்கும் அதிகமான பிள்ளைகள். நாங்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த 22 உறுப்பினர்களின் அதிகாரம் முழுவதும் ரோஹித் குப்தா என்ற ஒரே ஆளிடம் போய்விட்டது. அப்போது சபைத் தலைவராக இருந்தவர் எங்கள் தமிழரான நீதன் சாண். நவம்பரில் மசோதா 33 நிறைவேறியது. இனி எந்தக் கல்விச்சபையையும் இதைவிட இலகுவாக அமைச்சர் எடுத்துக்கொள்ளலாம். உறுப்பினர் பதவியே எதிர்காலத்தில் தேவைதானா என்றும் அவர் 2025இல் கேட்டார்.

அரசு சொல்லும் காரணம் பணம். நிர்வாகம் முன்வைத்த சிக்கன யோசனைகளில் ஏறத்தாழப் பாதியை உறுப்பினர்கள் செய்யாமல் விட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. சரி, அவர்கள் கையில் என்ன இருந்தது என்றும் பார்க்க வேண்டும். 1998 வரை ரொறன்ரோவின் கல்விச்சபைகள் தங்கள் கல்வி வரியைத் தாங்களே தீர்மானித்தன. அப்போதைய முதல்வர் மைக் ஹாரிஸின் மாகாண அரசு அந்த உரிமையை எடுத்துவிட்டு, ஸ்காபரோ, நோர்த் யோர்க், எட்டோபிக்கோ என்று தனித்தனியாக இருந்த சபைகள் எல்லாவற்றையும் ஒன்றாக்கி இந்தப் பெரிய சபையை உண்டாக்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு டொலரும் மாகாண அரசு இருக்கும் குவீன்ஸ் பார்க்கிலிருந்து வரவேண்டும். ஆசிரியர் சம்பளத்தில் பெரும் பகுதி மாகாண மட்டத்துப் பேச்சுவார்த்தையில் முடிவாகிறது. பிள்ளைகள் குறைந்த பாடசாலையை மூடலாம் என்றால் 2017 முதல் அதற்கும் மாகாணத் தடை. மிஞ்சுவது என்ன? நீச்சல் தடாகம், உப அதிபர், இசை வகுப்பு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு மாதிரியான விடயங்கள். இவற்றை வெட்டத் தயங்கியவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று எப்படிச் சொல்வது? 2002இலும் இதே கதைதான். பற்றாக்குறையோடு நின்ற சபைக்கு அரசு போல் கிறிஸ்டி என்பவரை மேற்பார்வையாளராக அனுப்பியது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது, அதிகாரம் திரும்பி வந்தது. ஆனால் பணம் எங்கிருந்து வருவது என்ற கேள்வி தீரவில்லை. இன்றும் அதே கேள்விக்கு அதே மருந்தைத்தான் தருகிறார்கள்.

எனக்குப் பணத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த குலுக்கல் விடயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கலை, விளையாட்டு, கணிதம், விஞ்ஞானம் என்ற சிறப்புப் பிரிவுகளுக்கு இனிப் பரீட்சையோ திறமைத் தேர்வோ வேண்டாம், ஆர்வம் காட்டிய பிள்ளைகளில் குலுக்கிப் போட்டு எடுப்போம் என்று சபை 2022 மே மாதம் முடிவு செய்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஐந்து வயதிலிருந்து வயலின் பழகிய பிள்ளையின் உழைப்புக்கு அதில் இடமில்லை என்று நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த முடிவு எடுக்கப்பட்ட விதத்தை மறக்க முடியாது. பெற்றோர் பெயர் கொடுத்து, முறை வரும்வரை காத்திருந்து, கிடைத்த சில நிமிடங்களில் தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள். திறமைத் தேர்வுக்கு ஆசிரியர் வைத்துப் பழக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே இந்தப் பாடசாலைகளை நிரப்புகிறார்கள் என்று மறுபக்கத்தார் ஆய்வுகளைக் காட்டினார்கள். அது என்னை யோசிக்க வைத்தது. கடைசியில் ஒவ்வொரு உறுப்பினரும் கையை உயர்த்தி வாக்களித்தார். யார் எந்தப் பக்கம் என்று எங்களுக்குத் தெரிந்தது.

2025 முடிவதற்குள் அந்தக் குலுக்கல் போய்விட்டது. தகுதி பார்த்து எடுக்கும் முறை திரும்புகிறது என்று அறிவித்தார்கள். நான் விரும்பிய முடிவுதான். ஆனால் உறுப்பினர் எவரும் வாக்களிக்காத முடிவு. குலுக்கலால் முதல்முறையாக இந்தப் பாடசாலைகளின் படியேறிய பிள்ளைகளின் தாய்மார், 2022இல் நாங்கள் போய் நின்றதுபோல், எந்தக் கூட்டத்தில் போய் நிற்பார்கள்? இன்று எனக்குச் சாதகமாகக் கையெழுத்திட்ட அதே பேனா, நாளைக்குத் தமிழ் வகுப்புக்கு எதிராகக் கையெழுத்திட்டால் நான் யாரிடம் போய்க் கதைப்பது?

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் கட்டடத்தில் ஒரு தாய் இருக்கிறார். தொழிற்சாலையில் இரவு வேலை. மகனுக்கு ஓட்டிசம். பிள்ளையை மதியத்தோடு வந்து கூட்டிப்போகும்படி பாடசாலையில் அடிக்கடி சொல்லத் தொடங்கினார்கள். வேலை போய்விடும் நிலை. ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத அவருக்குத் தைரியம் வரவில்லை. யாரோ சொல்லி, தன் வட்டாரத்து உறுப்பினரின் தொலைபேசியில் தமிழிலேயே அழுதபடி செய்தி வைத்தார். அன்றிரவே திருப்பி அழைத்தார்கள். அடுத்த கிழமை அதிபரும் மேலதிகாரியும் அவரும் ஒரே மேசையில் இருந்தார்கள், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். பிள்ளைக்கு உதவியாளர் கிடைத்தார், முழுநாள் வகுப்பும் கிடைத்தது. அந்த உறுப்பினர் இதைப் பரோபகாரத்துக்காக மட்டும் செய்திருக்க மாட்டார். அந்தத் தாயிடம் ஒரு வாக்கு இருந்தது, அது இரண்டு பேருக்கும் தெரியும். மாணவர் குடும்ப உதவி அலுவலகம் என்று ஒன்றைத் திறக்கப் போவதாக 2025இல் அறிவித்தார்கள். நல்ல ஊழியர்கள் இருக்கலாம். ஆனாலும் அவர்கள் பதில் சொல்ல வேண்டிய இடம் மேற்பார்வையாளர், அவருக்கு மேலே அமைச்சர்.

உறுப்பினர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் வாதாட வரவில்லை. நள்ளிரவு வரை இழுபட்ட கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன். கடினமான முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளியதையும் பார்த்திருக்கிறேன். இத்தாலிக்குப் போய் மதச் சிற்பங்கள் வாங்கிய உறுப்பினர்களைப் பற்றிக் கேட்டபோது எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் அவர்கள் பிராண்ட்போர்ட் பக்கத்துக் கத்தோலிக்கச் சபைக்காரர். அதற்கும் ஸ்காபரோப் பிள்ளைகளுக்கும் என்ன சம்பந்தம்? பிழை செய்த உறுப்பினரை 2026 ஒக்ரோபர் 26 தேர்தலில் வீட்டுக்கு அனுப்பும் வழி எங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. எங்கள் சமூகத்தில் அரசியலுக்கு வந்த பலருக்கு இந்தப் பதவிதான் முதற்படியும்கூட. நீதன் சாணும் பார்த்தி கந்தவேளும் கல்விச்சபையில் இருந்துதான் நகரசபைக்குப் போனார்கள்.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். ஆளும் கட்சியில் இரண்டு தமிழர்கள் மாகாணசபை உறுப்பினர்களாக இருக்கிறார்கள்: விஜய் தணிகாசலம், லோகன் கணபதி. ஒக்ரோபர் தேர்தலில் நாங்கள் தெரிவுசெய்யும் கல்விச்சபை உறுப்பினர்களுக்கு உண்மையான அதிகாரம் இருக்குமா, எந்தத் திகதியிலிருந்து இருக்கும் என்று அவர்களிடம் நேரடியாகக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே பிரசுரியுங்கள். பதில் சொல்லாவிட்டால் அதையும் பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
ஸ்காபரோ
டிசம்பர் 2025