காலு 30, காது 20, கையில ஒண்ணுமில்ல

ஆசிரியருக்கு வணக்கம் சார்,

மாற்றுத்திறனாளி அட்டை பத்தி போட்ட செய்தியில 40 சதவீதம் இருந்தாத்தான் சலுகைன்னு சொல்லிட்டு விட்டுட்டீங்க, ரெண்டு மூணு குறை சேந்து இருக்கறவங்க நிலைமை வேற. எங்க சித்தப்பாவுக்கு காலு 30, காது 20. கால் டாக்டர் 40 வரலன்னு அனுப்பிட்டாரு, காது டாக்டரும் அதேதான், ரெண்டையும் சேத்துப் பாக்க யாருக்கும் தோணல.

ஆனா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல சொன்ன 21 வகைக் குறையில ஒண்ணுக்கு மேல இருந்தா சேத்து போட தனி ஃபார்முலாவே இருக்கு, நேரா கூட்டி 50ன்னு வராது, பெரிய சதவீதத்தோட சின்னதுல ஒரு பங்குதான் சேரும், அப்படிப் போட்டாலே 43 வந்துடுது!

சுகர், பிபி, டயாலிசிஸ் எல்லாம் அந்த 21ல கிடையாது (வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ மெஷின்ல படுக்கறவர் என்ன வேலைக்குப் போவாரோ), சுகரால காலை எடுத்தாலோ பார்வை போனாலோதான் கணக்கு. அதனால அப்ளை பண்ணும்போதே எல்லா குறையையும் எழுதிக் குடுத்து, சதவீதம் போடற டாக்டருங்க குழுவான மெடிக்கல் போர்டுல சேத்துப் போடச் சொல்லி வாய்விட்டுக் கேளுங்க. அட்டைக்கான முகாம் நடக்கற எடத்துல இந்தக் கணக்க ஒரு போர்டுல எழுதி ஒட்டுனா என்ன செலவாகிடும்?

இப்படிக்கு,
உங்க வாசகி